பற்றுப் புத்தகமும் பால்மாடும்

தொழிலாளி ஒருவன் பிறர் கையை எதிர்பாராது தன் காலில் நிற்பதற்கு வேண்டுவது யாதென்று வினவினால், "முதல்" என்று நம்மவருட் பெரும்பாலோர் உடனே விடை பகர்வர். கையில் முதல் இருந்திருந்தால் தோட்டத் தமிழன் என்றைக்கோ கடை வைத்திருப்பான் என்பர் சிலர். வாணிகம் அவன் இயல்பிலேயே இல்லை, முதல் கொடுத்திருந்தாலும் அவன் கூலியாளாகவே இருந்திருப்பான் என்பர் வேறு சிலர். முன்னது இரக்கத்தாற் பிறந்த சொல். பின்னது இகழ்ச்சியாற் பிறந்த சொல். வரலாற்றை நோக்குங்கால் இரண்டுக்கும் போதிய ஆதாரம் இல்லை என்பது விளங்கும்.

மலாயாவில் நம்மவர் நடத்திய சிறுதொழில்கள் பலவும் மிகக் குறைந்த முதலில் தொடங்கியவை. ஒரு கன்று, ஒரு காவடித்தடி, ஒரு தட்டுக் கடலை, ஒரு மிதிவண்டி என்ற அளவே அவற்றின் முதல். இவற்றுட் சில, குடும்பங்களைக் கூலியினின்றும் மீட்டு நகரத்திற் சொந்த வாழ்வு தேடித் தந்தன. வேறு சிலவோ, இரண்டு மூன்று தலைமுறை உழைத்த பின்னும் ஒரே அறிவிப்பில் இல்லாமற் போயின. இந்த வேறுபாடு எதனால் நேர்ந்தது? முதலின் அளவை வைத்து இதற்கு விடை காண முடியாது. கணக்கு எழுதும் கோல் யார் கையில் இருந்தது, தொழில் நடந்த நிலம் யாருடையது என்னும் இரண்டு வினாக்களிலேதான் விடை அடங்கியிருக்கிறது. நெகிரி செம்பிலானில் மம்பாவ் வட்டாரத்தை முன்வைத்து இதனை ஆராய்வோம்.

கடனின்றி வந்தவர் கடனாளியான விதம்

சிரம்பானிலிருந்து போர்ட்டிக்சன் கடற்கரைக்குச் செல்லும் பழைய சாலையில் உள்ள சிற்றூர் மம்பாவ். சிரம்பானையும் போர்ட்டிக்சனையும் இணைத்த இருப்புப் பாதை 1891ஆம் ஆண்டில் திறக்கப்பட்டது. அந்நாளில் இப்பக்கத்து வாழ்வுக்கு ஈயமே ஆதாரம். 1896இல் மலாக்காவில் தான் சே யான் என்னும் சீன வணிகர் ரப்பரைத் தோட்டப் பயிராக நட்டுக் காட்டினார். அதன் பின் மேற்குக் கரை முழுவதும் காடுகள் அழிந்து ரப்பர்த் தோட்டங்கள் எழுந்தன. நெகிரி செம்பிலானும் அவ்வாறே மாறிற்று. அத்தோட்டங்களில் மரம் வெட்டவும் களை எடுக்கவும் தமிழ்நாட்டினின்றும் மக்கள் கப்பலேறி வந்தனர்.

அவர்கள் வந்த முறையில் ஒரு செய்தியைப் பலர் மறந்துவிடுகின்றனர். தொடக்கத்தில் ஒப்பந்தக் கூலிகளாக வந்தோர் கப்பற் கட்டணத்தையும் முன்பணத்தையும் உழைத்துக் கழிக்க வேண்டியவராயிருந்தனர். 1907இல் தமிழர் குடியேற்ற நிதி ஏற்பட்டது. தோட்டத்தார் யாவரும் செலுத்திய வரிப்பணத்திலிருந்து பயணச் செலவு கொடுக்கப்பட்டது. 1910இல் ஒப்பந்தக் கூலிக்கு ஆள் எடுப்பதும் நிறுத்தப்பட்டது. ஆகவே அதன் பின் பினாங்கிலோ போர்ட் சுவெட்டன்ஹாமிலோ கால் வைத்த தமிழன் சட்டத்தின் கண்ணுக்குக் கடனில்லாத சுதந்தர மனிதன். ஒரு மாத முன்னறிவிப்புக் கொடுத்துவிட்டு வேறு தோட்டம் போகவும் அவனுக்கு உரிமை உண்டு.

அப்படியிருந்தும் சில மாதங்களுக்குள் அவன் கடனாளியானான். எங்ஙனம்? கூலி மாதம் ஒருமுறை, பசியோ நாள்தோறும். இவ்விரண்டுக்கும் நடுவே உள்ள இடைவெளியிலேதான் பற்றுப் புத்தகம் பிறந்தது. தோட்டக் கடையில் அரிசி, உப்பு, மீன், எண்ணெய், புகையிலை யாவும் பற்றின்மேற் கிடைக்கும். கூலி போடும் நாளன்று பற்றுக் கழியும். மிச்சமிருந்தால் கைக்கு வரும். இல்லையேல் பாக்கி அடுத்த மாதத்துக்கு ஏறும். புத்தகத்தில் எழுதுவோன் ஒருவன். எழுத்தறியாமல் அதனை ஒப்புக்கொள்வோன் மற்றொருவன். விலை இவ்வளவு, எடை இவ்வளவு என்று கேட்கும் துணிவு கடனாளிக்கு வாராது. கடை மாறவும் அவனால் இயலாது.

கணக்கைச் சற்று நோக்குக. 1920களின் இறுதியில், முக்கியமான வட்டாரங்களில் ஆணுக்கு நாள் ஒன்றுக்கு 50 காசும் பெண்ணுக்கு 40 காசும் அளவுக்கூலியாகக் குறிக்கப்பட்டன. மாதத்தில் 25 நாள் வேலை கிடைத்தால் ஆணுக்கு 12 வெள்ளி 50 காசு. பெண்ணுக்கு 10 வெள்ளி. 1930இல் அது 40 காசாகவும் 32 காசாகவும் குறைக்கப்பட்டது. அஃதாவது ஆணின் மாதக் கூலி முன்னர்ப் பெண் பெற்ற 10 வெள்ளிக்கு இறங்கிற்று; பெண்ணின் கூலி 8 வெள்ளிக்கு இறங்கிற்று. பற்றுப் புத்தகத்திலிருந்த பழைய பாக்கி மட்டும் எழுதியபடியே நின்றது.

இதனோடு கள்ளுக்கடையும் சேர்ந்தது. கூலிநாளும் கள்ளுக்கடையும் அடுத்தடுத்து இருந்த தோட்டங்களில் ரொக்கம் வீடு வந்து சேர்வதே அரிது. 1929 டிசம்பரில் பெரியார் ஈ. வெ. ராமசாமி மலாயாவுக்கு வந்து பல ஊர்களிற் பேசிய காலந்தொட்டுச் சீர்திருத்தக்காரர் இடைவிடாது எடுத்துரைத்த செய்திகளுள் குடியொழிப்பும் வீண் சடங்குச் செலவு ஒழிப்பும் முக்கியமானவை. 1932இல் சிங்கப்பூரில் தமிழர் சீர்திருத்தச் சங்கம் தோன்றிற்று. 1935இல் கோ. சாரங்கபாணியின் "தமிழ் முரசு" வெளிவரத் தொடங்கிற்று. அவை வற்புறுத்திய சிக்கனத்தைச் சிலர் வெறும் ஒழுக்கப் போதனை என்று கருதினர். உண்மையில் அது பொருளாதாரப் போதனையே. சடங்குக்கும் கள்ளுக்கும் போகும் ரொக்கம் நின்றாலன்றிப் பற்றுப் புத்தகம் மூடாது. அது மூடினாலன்றி எந்தத் தொழிலுக்கும் முதல் சேராது.

காவடித்தடியும் பெட்டியடியும்

இனி, "வாணிகம் தமிழனுக்கு வாராது" என்னும் கூற்றை நோக்குவோம். இதே நாட்டில் இதே காலத்தில் தமிழ் பேசும் இரு கூட்டத்தார் வாணிகத்தாற் பெயர் பெற்றனர். ஒருவர் நாட்டுக்கோட்டைச் செட்டியார். மற்றொருவர் தமிழ் முஸ்லிம்கள். செட்டியார் கிட்டங்கியில் ஒரு சிறுவன் பெட்டியடிப் பையனாகச் சேர்வான். ஏவல் செய்துகொண்டே கணக்குக் கற்பான், வட்டி கற்பான், பின்னர் அடுத்தாளாவான், நம்பிக்கை பெற்றால் மேலாளாவான். அவனுக்கு முதல் கொடுத்தது பணம் மட்டுமன்று. கணக்கறிவும் உறவினர் நம்பிக்கையும் அவனுக்கு முதலாயின.

பினாங்கிலோ, தமிழ் முஸ்லிம் ஒருவர் தோளில் ஒரு தடியை வைத்து, ஒரு முனையிற் சோற்றையும் மறுமுனையிற் குழம்பையும் தொங்கவிட்டுத் துறைமுகத் தொழிலாளரிடம் விற்றார். மலாய் மொழியில் அத்தடியின் பெயர் "கண்டார்". அதனால் அவ்வுணவு "நாசி கண்டார்" ஆயிற்று. இன்று நாடெங்கும் பெரிய கடைகளில் விளங்கும் அப்பெயர், ஒரு தடியும் இரண்டு பானையும் முதலாகக் கொண்ட தொழிலின் பெயராகும்.

இவ்விருவரும் தோட்டத் தமிழனுக்கு அயல் மொழியினர் அல்லர். அவர்களுக்கு வாய்த்திருந்த இரண்டு அனுகூலங்கள் தோட்டத் தமிழனுக்கு வாய்க்கவில்லை என்பதே வேறுபாடு. அவர்களது கணக்கு அவர்கள் கையிலோ அவர்கள் உறவினர் கையிலோ இருந்தது. அவர்கள் நின்ற இடம் துறைமுகமும் கடைத்தெருவும். எந்தத் துரையும் எந்தக் கங்காணியும் அவர்களை "இன்று விற்காதே" என்று கூற இயலாது. தோட்டத் தமிழனோ லயத்தில் வாழ்ந்தான். லயம் தோட்டத்தாருடையது, பாதை தோட்டத்தாருடையது. வெளியார் உள்ளே வருவதும் உள்ளார் வெளியே விற்பதும் தோட்ட அலுவலகத்தின் மனத்தைப் பொறுத்தவை.

லயத்துப் பின்புறத்துச் செல்வம்

அந்த லயத்தின் பின்புறத்தில்தான் தோட்டத் தமிழரின் முதற் சிறுதொழில் வளர்ந்தது. அதுவே பால்மாடு.

1920களின் தொழிலாளர் சட்டத்தில், குடும்பத்தோடு வாழும் தொழிலாளிக்கு ஏக்கரிற் பதினாறில் ஒரு பங்கு நிலம், பயிரிடவோ கால்நடை மேய்க்கவோ ஒதுக்க வேண்டும் என்ற விதி இருந்தது. நம் ஊர்க் கணக்கில் அது ஆறேகால் சென்ட். அந்நிலம் ஒரு குடும்பத்துக்குக் கீரையும் மிளகாயும் மரவள்ளியும் தரப் போதும்; ஒரு மாட்டுக்குப் போதாது. மாட்டை வளர்த்தது வேறொன்று. ரப்பர் மரங்களின் நிரைகளுக்கு இடையிலும் ஓடைக் கரைகளிலும் சாலை ஓரங்களிலும் தழைத்த புல்லே அதற்கு உணவு. அப்புல்லுக்கு விலை இல்லை. அதனை வெட்டி அகற்றத் தோட்டத்தார் கூலி கொடுக்க வேண்டியிருந்தமையால், மாடு மேய்வது பல இடங்களில் அவர்களுக்கும் உடன்பாடாயிற்று. சாணம் காய்கறிப் பாத்திக்கு எருவாயிற்று.

வேலை நேரமும் இதற்கு இடங்கொடுத்தது. வெயில் ஏறுமுன் மரத்திற் பால் நன்றாக வடியும். ஆதலின் விடியுமுன்னரே பிரட்டு. நண்பகலை ஒட்டிப் பால் எடுத்து நிறுத்தால் வேலை முடியும். பிற்பகல் தொழிலாளியுடையது. அப்போது புல்லறுக்கலாம், கொட்டில் கூட்டலாம், மாலைக் கறவை பார்க்கலாம். தமிழ்நாட்டுச் சிற்றூர்களிற் பிறர் கிடாரியை வாரத்துக்கு வளர்த்து, ஈன்ற கன்றிற் பங்கு பெறும் வழக்கம் உண்டு. அம்முறையை அறிந்தோர்க்கு முதல் இல்லாமலும் மாடு சேர்க்கும் வழி தெரியும். ஒன்பது மாதச் சினையும் சில ஆண்டுப் பொறுமையும் அவர்கள் இட்ட முதல்.

மம்பாவ் போன்ற ஊர்களுக்குப் பிறிதொரு வசதியும் இருந்தது. சிரம்பான் சில கல் தொலைவிலேயே உள்ளது. விடியலிற் கறந்த பாலை மிதிவண்டியில் ஏற்றினால் கெடுமுன் நகரத்து வீடுகளுக்கும் தேநீர்க் கடைகளுக்கும் கொண்டு சேர்க்கலாம். நகரத்தில் வாங்குவோர் உண்டு. தோட்டத்திற் புல் உண்டு. இரண்டையும் இணைப்பது ஒரு மிதிவண்டி.

பால்மாட்டின் உண்மைச் சிறப்பு அது கொடுத்த இலாபத்தின் அளவில் இல்லை. அது நாள்தோறும் ரொக்கம் கொடுத்தது. கூலி மாதம் ஒருமுறை வருவதால் அன்றோ பற்றுப் புத்தகம் பிறந்தது? நாள்தோறும் சில காசுகள் கைக்கு வந்தால் அரிசியை ரொக்கத்துக்கு வாங்கலாம். ரொக்கத்துக்கு வாங்குவோன் விலை கேட்கலாம், எடை பார்க்கலாம், வேறு கடைக்கும் போகலாம். மாதக் கூலியிற் பற்றுக் கழிவது நின்றால் அக்கூலி முழுதும் மிச்சத்துக்கு இடமாகும். இவ்வாறு ஒரு மாடு, தான் தந்த பாலின் விலையினும் மிகுந்த நன்மையைச் செய்தது.

மற்றொரு நன்மையும் உண்டு. பெண்ணின் உழைப்புக்கு 40 காசு என்று விதித்த நாட்டில், பாலின் விலை மட்டும் கறந்தவர் ஆணா பெண்ணா என்று பார்க்கவில்லை. மாடு பெரும்பாலும் பெண்ணின் பொறுப்பில் இருந்தது. அந்தக் காசு அவள் முந்தானையில் முடியப்பட்டது. 1929 பிப்ரவரியில் செங்கற்பட்டில் கூடிய சுயமரியாதை மாநாடு பெண்களுக்குச் சமமான சொத்துரிமை வேண்டுமென்று தீர்மானித்தது. தீர்மானம் சட்டமாக நெடுங்காலம் சென்றது; தமிழ்நாட்டில் மகளுக்கு மகனோடொத்த பங்கு 1989இலேதான் வந்தது. அதற்குப் பல்லாண்டு முன்னரே தோட்டத்துப் பெண், சட்டம் அறியாத வகையில், தனக்கென்று ஒரு வருவாயை உண்டாக்கிக்கொண்டாள்.

மந்தமும் போரும்

இத்தொழிலின் குறையை முதலில் வெளிப்படுத்தியது 1930இன் வாணிக மந்தம். 1932இல் லண்டனில் ரப்பர் விலை இராத்தலுக்கு இரண்டு பென்சுக்கும் கீழ் இறங்கிற்று. 1930 முதல் 1932 வரை ஒன்றரை இலட்சத்துக்கும் மேற்பட்ட இந்தியர், பெரும்பாலும் தமிழர், தாய்நாட்டுக்குத் திருப்பி அனுப்பப்பட்டனர். வேலை போனால் லயம் போகும். லயம் போனால் கொட்டில் போகும். கப்பலில் மாட்டை ஏற்ற முடியாது. யாவரும் ஒரே நேரத்தில் விற்கும் பொருளுக்கு விலை எங்கிருந்து வரும்?

மந்தத்துக்குப் பின் தொழிலாளர் குரல் ஓங்கிற்று. 1941இல் கிள்ளான் வட்டாரத்தில் எழுந்த வேலைநிறுத்தங்களின் கோரிக்கைகளைப் பார்த்தால், கூலி உயர்வோடு கள்ளுக்கடைகளை மூடவேண்டும் என்பதும், துரைமார் எதிரில் வரும்போது தொழிலாளி மிதிவண்டியை விட்டு இறங்கவேண்டும் என்ற வழக்கம் ஒழியவேண்டும் என்பதும் அவற்றுள் இருந்தன. இக்கடைசிக் கோரிக்கை மானத்தைப் பற்றியது என்பது தெளிவு. அது தொழிலைப் பற்றியதுமாகும். மிதிவண்டி தோட்டத் தமிழனைக் கங்காணியின் கண்ணுக்கும் தோட்டக் கடையின் எல்லைக்கும் அப்பால் கொண்டுசெல்லும் முதற் கருவி. அதிலேறி நகரத்துக் கடையில் ரொக்கத்துக்குப் பொருள் வாங்கலாம், பாலை விற்கலாம்.

1942 முதல் 1945 வரையிலான ஜப்பானியர் ஆட்சி வேறொரு பாடம் கற்பித்தது. சயாம் மரண இரயில் பாதைக்குத் தோட்டங்களினின்றும் ஆயிரக்கணக்கானோர் கொண்டுபோகப்பட்டனர், பலர் மீளவில்லை. வீட்டிலிருந்தோர் மரவள்ளியும் கீரையும் உண்டு உயிர் காத்தனர். 1945இல் ஜப்பானிய நோட்டுகள் வெறுங் காகிதமாயின. மூட்டையில் நோட்டு வைத்திருந்தவன் ஏழையானான். ஆடோ மாடோ கோழியோ வைத்திருந்தவனிடம் ஏதோ மிஞ்சிற்று.

கடலை விற்றவர் கட்டிய ஊர்

தோட்டத்தின் எல்லைக்குள் நடந்த தொழிலைக் கண்டோம். எல்லைக்கு வெளியே, சொந்தக் கூரையின் கீழ் நடந்த தொழிலுக்குச் சிறந்த உதாரணம் பேராக்கில், ஈப்போ நகரின் புந்தோங்கில் உள்ளது. அங்கே ஒரு பகுதிக்கே "கம்போங் கச்சாங் பூத்தே" என்று பெயர். எட்டயபுரத்துப் பக்கத்திலிருந்து வந்த தமிழ்க் குடும்பங்கள் அங்கே குடியேறிக் கடலையும் முறுக்கும் செய்து விற்றன. வறுத்த நிலக்கடலை, கொண்டைக்கடலை, பட்டாணி, ஓமப்பொடி ஆகியவற்றைத் தட்டில் அடுக்கித் தலையிற் சுமந்து விற்றனர். பின்னர் மிதிவண்டியிலும், அதன்பின் மோட்டார் சைக்கிளிலும் விற்றனர். வாங்குவோர்க்குக் காகிதத்தைக் கூம்பாகச் சுருட்டி அதில் அளந்து கொடுத்தனர். மலாய்க்காரரும் சீனரும் தமிழரும் ஒரே தட்டில் வாங்கியுண்டனர். இன்று அவ்வூர்ப் பண்டம் கடைகளில் அடைத்து விற்கும் பொருளாக வளர்ந்துள்ளது.

இத்தொழிலின் அமைப்பைக் கூர்ந்து நோக்குக. வீட்டிற் பெண்கள் ஊறவைத்து, வறுத்து, பொரித்தனர். ஆண்கள் வெளியே விற்றனர். மூலப்பொருள் விலை மலிந்தது, உடனே கெடாதது, அன்று விற்காவிடில் மறுநாள் விற்கலாம். பாலுக்கு இந்த அனுகூலம் இல்லை. விற்பனை ரொக்கத்துக்கே. ஒரு காசுக்கு ஒரு கூம்பு வாங்குவோனுக்கு யாரும் பற்று எழுதார். ஒரு குடும்பம் கற்றதை அடுத்த குடும்பம் கற்றது. செட்டியார் கிட்டங்கியில் நடந்த பயிற்சி இங்கே அடுப்பங்கரையில் நடந்தது. எல்லாவற்றுக்கும் மேலாக, அவர்கள் வாழ்ந்த இடத்திற்கும் அவர்கள் வேலைக்கும் முடிச்சு இல்லை. எந்தத் தோட்டம் விற்கப்பட்டாலும் அவர்கள் அடுப்பு அணையாது.

கூட்டும் கூட்டுறவும்

சிறுதொழிலுக்கு முதல் சேர்க்க நம்மவர் கையாண்ட பழைய முறை கூட்டு. பத்துப் பேர் மாதம் பத்து வெள்ளி போட்டால் ஒவ்வொரு மாதமும் ஒருவருக்கு நூறு வெள்ளி மொத்தமாகக் கிடைக்கும். மாடு வாங்கவும் தையற் பொறி வாங்கவும் திருமணம் முடிக்கவும் இது உதவிற்று. பிடித்தவர் ஓடிப்போனால் ஏனையோர் இழப்பர் என்பது இதன் குறை. ஏமாற்றுவோர் பெருகவே, கூட்டு நடத்துவதைத் தொழிலாகக் கொள்வதை மலேசிய அரசாங்கம் 1971ஆம் ஆண்டுச் சட்டத்தால் தடுத்தது. அச்சட்டத்தின் பெயரிலேயே "கூட்டு" என்ற சொல் ஏறியிருக்கிறது.

முறையான வழியும் முன்னரே திறந்திருந்தது. 1922இல் மலாய் ஐக்கிய நாடுகளிற் கூட்டுறவுச் சட்டம் வந்தது. பின்னர்த் தோட்டத் தொழிலாளர்க்கெனச் சிக்கனச் சங்கங்கள் ஏற்பட்டன. கூலியில் ஒரு பகுதி மாதந்தோறும் சேமிப்பாகப் பிடிக்கப்பட்டது. ஊருக்குத் திரும்பும் நாளில் அது உதவிற்று. இங்கேயே தொழில் தொடங்க உதவியது குறைவு.

1950களில் புதிய இடர் தோன்றிற்று. நாடு விடுதலையடையும் என்று கண்ட ஐரோப்பியர் பலர் தோட்டங்களை விற்றனர். வாங்கியோர் அவற்றைத் துண்டு துண்டாகப் பிரித்து விற்றனர். தலைமுறையாக உழைத்தோர் வேலையும் வீடும் ஒருங்கே இழந்தனர். இதற்கு மாற்றாக 1960இல் துன் வீ. தி. சம்பந்தன் தேசிய நில நிதிக் கூட்டுறவுச் சங்கத்தை நிறுவினார். தொழிலாளர் பத்துப் பத்து வெள்ளியாகச் சேர்த்த பணத்தால் சங்கம் தோட்டங்களை வாங்கிற்று. கெடாவிலுள்ள புக்கிட் சீடிம் தோட்டம் அவற்றுள் முதலாவது. நிலமில்லாத கூலியாள் நிலத்துக்குப் பங்குதாரனானது நம் வரலாற்றிற் பெரிய திருப்பம். நிலம் யாருடையது என்ற வினாவுக்கு அளிக்கப்பட்ட நேரான விடை அது. ஆயினும் நாட்டிலுள்ள தோட்டங்களில் அச்சங்கம் வாங்கியவை சிலவே. ஏனையவற்றில் வாழ்ந்தோர் நிலை முன்போலவே நின்றது.

மாடு போன வழி

1960கள் தொடங்கி ரப்பர் இருந்த இடத்திற் செம்பனை ஏறிற்று. இளஞ் செம்பனையின் குருத்தை மாடு மேயும். ஆதலின் முன்னர் உடன்பட்ட நிர்வாகங்களே பின்னர் மாட்டைத் தடுக்கலாயின. அடுத்து நகரம் வந்தது. சிரம்பானுக்கருகில் 1990களில் "சிரம்பான் 2" என்னும் புதுநகரம் தோட்ட நிலத்தில் எழுந்தது. மம்பாவைச் சுற்றிலும் வீடமைப்புப் பெருகிற்று. பால்மரம் நின்ற இடங்களில் இன்று வீட்டு நிரைகள் நிற்கின்றன.

தோட்டம் மூடப்படும்போது தொழிலாளிக்கு உரிய இழப்பீட்டை 1980ஆம் ஆண்டு விதிகள் வரையறுத்தன. இரண்டாண்டுக்கு உட்பட்ட வேலைக்கு ஆண்டு ஒன்றுக்குப் 10 நாட்கூலி. ஐந்தாண்டுக்கு உட்பட்டால் 15 நாட்கூலி. அதற்கு மேற்பட்டால் 20 நாட்கூலி. இருபது ஆண்டு உழைத்தவனுக்கு 400 நாட்கூலி கிடைக்கும். இது நல்ல விதியே. ஆனால் இது கூலியை மட்டும் அளந்தது. அவன் மனைவி அதே இருபது ஆண்டு வளர்த்த மாடுகளும், அவை மேய்ந்த புல்வெளியும், அவள் தேடிவைத்த வாடிக்கை வீடுகளும் எந்த ஏட்டிலும் இல்லை. குடும்பம் குடிபெயர்ந்தது அடுக்கு வீட்டின் மேல்மாடிக்கு; அங்கே மாடு எங்ஙனம் ஏறும்? தலைமுறைகளாக நடந்த ஒரு தொழில், தொழில் என்று ஒரு நாளும் எழுதப்படாமையால், இழப்பு என்றும் எழுதப்படாமல் மறைந்தது.

புந்தோங்கின் கடலைத் தட்டு பிழைத்ததற்கும் லயத்து மாடு பிழையாததற்கும் காரணம் இதுவே. உழைப்பில் மாட்டுக்காரி குறைந்தவள் அல்லள். சிக்கனத்திலும் குறைந்தவள் அல்லள். அவளது தொழில் பிறர் நிலத்தின்மேல், பிறர் வாய்மொழியின்மேல் நின்றது.

வங்காளத்துச் சான்று

இவ்வுண்மை நமக்கு மட்டும் உரியதன்று. 1976இல் வங்காளதேசத்தில், சிட்டகாங் அருகிலுள்ள ஜோப்ரா என்னும் சிற்றூரில் பொருளாதார ஆசிரியர் முகம்மது யூனுஸ் ஒரு கணக்கெடுத்தார். மூங்கில் முக்காலி பின்னும் பெண் ஒருத்தி மூங்கிலுக்கான சில காசுகளை வணிகனிடம் கடன் பெற்றிருந்தாள். பின்னிய முக்காலியை அவனுக்கே, அவன் சொன்ன விலைக்கே விற்க வேண்டியவளாயிருந்தாள். அவ்வூரில் இவ்வாறு கட்டுண்டவர் 42 பேர். அவர்கள் அனைவரின் கடனும் சேர்ந்து 27 டாலர். கையில் தொழில் இருந்தும் அவர்களைக் கட்டிவைத்தது அச்சிறு கடனே. யூனுஸ் அப்பணத்தைத் தாமே கொடுத்தார். அதிலிருந்து வளர்ந்த கிராமின் வங்கி 1983இல் முறையான வங்கியாயிற்று. 2006இல் அவருக்கும் வங்கிக்கும் அமைதிக்கான நோபல் பரிசு கிடைத்தது. அம்முறையைப் பின்பற்றி மலேசியாவில் 1987இல் அமானா இக்தியார் நிறுவப்பட்டது.

சிறுகடன் எப்போதும் நன்மை தரும் என்றும் கருதற்க. 2010இல் ஆந்திரத்தில், வாரந்தோறும் வசூலிக்கும் சிறுகடன் நிறுவனங்கள் பலவற்றிடம் ஒரே குடும்பம் கடன்பட்டுத் திணறிற்று. தற்கொலைகளும் நிகழ்ந்ததாகச் செய்திகள் வந்தன. அரசு அவசரச் சட்டம் இயற்றியது. தோட்டக் கடைப் புத்தகம் போய் வேறொரு நிறுவனத்தின் புத்தகம் வந்தது என்றே அதனைக் கொள்ளவேண்டும். கடன் வாங்கித் தொழில் செய்வது வேறு. கடனைக் கட்டுவதற்காகவே தொழில் செய்வது வேறு.

நாம் கொள்ளவேண்டியது

இவ்வரலாற்றிலிருந்து, இன்று சிறுதொழில் தொடங்க எண்ணும் நம்மவர் கொள்ளத்தக்கவை சில உண்டு.

நாள்தோறும் ரொக்கம் தரும் தொழிலைத் தேர்க. இடியப்பமோ, பலகாரமோ, பூமாலையோ, தையலோ, எதுவாயினும் வருவாய்க்கும் செலவுக்கும் இடையே உள்ள நாட்கள் குறையக் குறையக் கடன் நுழையும் வாயில் குறையும். தெரிந்தவர் என்று பற்று எழுதிக் கொடுக்கும் சிறு வியாபாரி, தோட்டத்தில் தான் பட்ட துன்பத்தை மறுபக்கத்தில் நின்று படுவான்.

கணக்கைத் தம் கையாலேயே எழுதுக. நாலணா நோட்டுப் புத்தகம் நம் பாட்டிமார்க்கு எட்டாப் பொருளாயிருந்தது. அதற்குக் காரணம் விலை அன்று, எழுத்தறியாமை. பள்ளி வயதுப் பிள்ளைகள் பத்துப் பேர் இருந்தால் தோட்டத்திற் பள்ளி வைக்கவேண்டும் என்ற 1923ஆம் ஆண்டு விதியால் வந்த சிறு தமிழ்ப் பள்ளிகளே அந்நிலையை மாற்றின. அப்பள்ளிகளின் பயனை அடைந்தோர் கணக்கெழுதச் சோம்புவது தகாது.

தொழிலுக்கு எழுத்து வேண்டும். வணிகப் பதிவுச் சட்டம் 1956 முதல் நாட்டில் இருக்கிறது. சொந்தப் பெயரிற் பதிய ஆண்டுக்கு 30 வெள்ளியும், வணிகப் பெயரிற் பதிய 60 வெள்ளியும் கட்டணமாக இருந்து வருகின்றன. அதனோடு நகர்மன்ற உரிமமும், இடத்துக்கு வாடகை எழுத்தும் வேண்டும். இக்காகிதங்கள் வீண் செலவு என்று கருதுவோர், எழுத்தில்லாத மாட்டுக் கொட்டிலுக்கு நேர்ந்ததை நினைத்துப் பார்க்கவேண்டும். நாளை சாலை விரிந்தாலும் கடைவரிசை இடிந்தாலும், "இங்கே ஒரு தொழில் இருந்தது" என்று சொல்லும் சான்று அக்காகிதம் ஒன்றே.

இறுதியாக, உழைப்பவர் பெண்ணாயின் பதிவும் வங்கிக் கணக்கும் அவள் பெயரில் இருக்கட்டும். அவள் சுட்ட வடையின் வருவாய் கணவன் பெயரிலும் அவன் பட்ட கடன் வீட்டின்மேலும் நிற்கும் குடும்பத்தில், தொழில் வளர்ந்தாலும் விடுதலை வளராது.

மம்பாவ்ச் சாலையில் விடியலில் பால் கொண்டுசென்ற பெயர் தெரியாத மக்கள் சோம்பேறிகளும் அல்லர். வாணிகம் அறியாதவரும் அல்லர். புல்லுக்கு விலையில்லாத இடத்தையும் பாலுக்கு விலையுள்ள இடத்தையும் கண்டறிந்து இரண்டையும் தம் காலால் இணைத்தவர் அவர். அந்த அறிவு நமக்கு மரபாக வந்துள்ளது. அவர்க்கு மறுக்கப்பட்ட கணக்கும் இடமும் எழுத்தும் இன்று முயன்றால் நமக்குக் கிட்டும். அவற்றைப் பெறாமல் முதல் இல்லையே என்று மட்டும் வருந்திக்கொண்டிருப்பது, அவர் பட்ட பாட்டை நாம் சரியாகப் படிக்கவில்லை என்றே காட்டும்.